ஆடியில் அமுக்காத பொத்தான்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். ஒன்று தமிழ்த் தினசரி காலண்டர், காலையில் எழுந்ததும் தாள் கிழிப்பது. இன்னொன்று தெலுங்கு மாதக் காலண்டர், பெரிய எண்களும் மூலையில் பொடி எழுத்தில் திதியும் போட்டது. ஆந்திராவில் நாராயணவனத்துப் பக்கம் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் இது சாதாரணம். பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் முதல் காலண்டரைப் பார்ப்போம். உகாதிக்கும் ஸ்கூல் லீவுக்கும் இரண்டாவதைப் பார்ப்போம். நல்ல காரியம் என்றால் இரண்டையும் பார்ப்போம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதம் ஆகாது, நமக்கு ஆடி ஆகாது. இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போய்விட்டால் தொல்லை இல்லை. ஆனால் ஆஷாடம் முன்னாலேயே வந்துவிடும். அது முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடி அமாவாசையோடு ஆஷாடம் கிளம்பிப் போனாலும் ஆடி சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் மதிக்கிற வீட்டில் வருஷத்தில் ஒன்றரை மாதம் பெண் பார்க்க முடியாது, வண்டி வாங்க முடியாது, மோட்டார் பம்பு மாற்ற முடியாது. எங்கள் விஷயத்தில் ஒரு பொத்தானை அமுக்க முடியாமல் போனது.

நான் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். நகரியிலிருந்து விசைத்தறித் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருப்பதி, ஏர்பேடு, காளஹஸ்தி என்று போய்வருவேன். மாங்காய் சீசனில் சித்தூர்ப் பக்கம் கூழ் ஃபேக்டரிகளுக்கு ஓட்டுவேன். படித்தது ஐந்தாவது வரைக்கும். எங்கள் ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்குத் தெலுங்குப் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் சொல்வது புரியவில்லை. புரியவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கம். சொல்வதைவிட நின்றுவிடுவது சுலபமாக இருந்தது, நின்றுவிட்டேன்.

அந்த வெட்கம் இன்றைக்கும் என்னோடுதான் வண்டியில் வருகிறது. டிபன் கடையில் இரண்டாவது தடவை சட்னி கேட்க எனக்கு வாய் வராது. பக்கத்து ஆளுக்கு ஊற்றும்போது என் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் சாப்பிட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விலாவாரியாகச் சொல்வேன். எந்த ஊரில் இட்லி கல், எந்தக் கடையில் காரச் சட்னிக்குப் பூண்டு வறுத்துப் போடுகிறார்கள், எல்லாம். ஒருநாள் அவள் சலித்துக்கொண்டாள்.

"நீ துன்னதெல்லாம் எங்கிட்டயே சொல்லிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது? நாலு பேருக்குச் சொல்லு."

நாலு பேர் முன்னால் நான் எங்கே பேசுவது? இதைக் கேட்டுச் சிரித்தவர் என் சகலை, அவள் தங்கையின் வீட்டுக்காரர். திருப்பதியில் மொபைல் சர்வீஸும் ஜெராக்ஸும் சேர்ந்த ஒரு கடை வைத்திருக்கிறார். "பேச வேணாம் சகலை, எழுது," என்று எனக்கு ஒரு வலைப்பூ போட்டுக் கொடுத்தார். என் பேர் வேண்டாம் என்றேன். பேர் இல்லாமலே போட்டார்.

அந்த வலைப்பூ ஓடுகிற மென்பொருளைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அது ஒரு முதலாளி விற்கிற சரக்கு இல்லையாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியதாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஓட்டை தெரிந்தால் சொல்லலாம், தெரிந்தவர்கள் அடைக்கலாம். எனக்கு ஊர் ஏரிதான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் கரை கசிந்தால் யார் கையில் மண்வெட்டி இருக்கிறதோ அவர்கள் போய் நிற்பார்கள். இதன் பொத்தான்கள்கூட பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில் இருந்தன. என்னைப் போல யாரோ பொழுது கிடைத்தபோது உட்கார்ந்து தமிழாக்கிவிட்டு, பாதியில் வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தமிழில் இருந்த பாதியை வைத்தே நான் எழுதினேன். வண்டியை ஓரம் கட்டி, போனில், ஒரு விரலால்.

சென்னைப் பக்கத்திலிருந்து காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் கார் எடுத்து வருகிற தமிழ்க் குடும்பங்களும் லாரிக்காரர்களும் படிக்கத் தொடங்கினார்கள். கீழே கருத்து எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதும்போது எனக்கு வெட்கமே வராது. என் சிநேகிதமெல்லாம் அந்தக் கருத்துப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு டிபன் கடை உண்டு. நடத்துகிற அக்கா வரதய்யபாளையத்துப் பக்கத்துத் தமிழ்ப் பெண். முன்பு நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். அவர் போடுகிற காரதோசைக்காக நான் வழியை மாற்றிக்கொண்டு போவேன். சிவப்பாக ஒரு காரத்தைத் தோசை முழுக்கத் தடவி, பொட்டுக்கடலைப் பொடி தூவி, ஓரம் முறுகும்வரை விட்டுவிடுவார். அந்த ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். கடை இருந்த இடம் போய்விட்டது. அக்கா புதுப் பாலத்துக்குக் கீழே, உள்பக்கம் போகிற சின்ன ரோட்டில் கொட்டகை போட்டார். பாலத்தில் ஏறுகிற வண்டிக்குக் கடை கண்ணிலேயே படாது. போதாததற்கு, வேலை நடக்கிற ரோடு என்பதால் வழியை அடிக்கடி மாற்றிவிட்டார்கள். இந்த வாரம் இடதுபக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் அடுத்த வாரம் ஜல்லி கொட்டியிருப்பார்கள். போனில் இருக்கிற மேப் அக்காவின் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

"ஆவணி வரைக்கும் பாப்பேன் தம்பி," என்றார் அக்கா ஒருநாள், காலிப் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே. "அப்பவும் இப்பிடியே ஈ ஓட்டிக்கினு இருந்தா, கல்லைக் கவுத்துப்போட்டுட்டு கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிட வேண்டியதுதான்."

அந்தத் தோசைக்கல் கவிழ்ந்து கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் வலைப்பூவில் அவருக்கென்று ஒரு பக்கம் எழுதினேன். கடை எங்கே போனது, எப்படிப் போவது, எந்த மணல் குவியலில் திரும்புவது எல்லாம். வழி மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திருத்துவேன், தினமும் அந்த ரோட்டில் போகிறவன்தானே. சகலை ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தார். 'காரதோசைக் கடை இடம் மாறிவிட்டது. இன்றைய வழிக்கு ஸ்கேன் செய்யவும்' என்று எழுதி, கீழே பெரிதாகக் கட்டம் கட்டமான ஸ்கேன் குறி. ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அக்காவின் பழைய கொட்டகையில் மிஞ்சி நின்ற இரும்புக் கம்பங்களில் கட்டிவிட்டு வந்தேன்.

பலித்தது. லாரிக்காரர்கள் வந்தார்கள், கார்கள் வந்தன. அக்கா போர்டைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "எவனோ புண்ணியவான் கட்டிட்டுப் போயிருக்கான். எங்க நைனாகூட எனுக்கு இவ்ளோ செஞ்சதில்ல." பெஞ்சின் ஓரத்தில் புண்ணியவான் தட்டை முன்னால் தள்ளிவைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஆஷாடம் பிறந்த வாரத்தில், வலைப்பூவின் தலைமாட்டில் மஞ்சளாக ஒரு பட்டை வந்தது. 'பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியாகியுள்ளது. உடனே புதுப்பிக்கவும்.' கீழே 'புதுப்பி' என்று ஒரு பொத்தான். சகலைக்குப் போன் போட்டேன்.

"ஒத்து சகலை, ஒத்து! வேணவே வேணாம்!" என்று அலறினார். "போன வருஷம் மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன வருஷமும் ஒரு ஆஷாடத்தில்தான் இப்படி ஒரு பட்டை வந்தது. அமுக்கினோம். வலைப்பூ முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு எழுத்து இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் போல. சகலை பழைய நகலை எடுத்துப் போட்டு மீட்பதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே அவர், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் அணைத்துவிட்டார்.

"ஆஷாடம் போவட்டும். ஸ்ராவணம் மொதல் நாள் மஞ்சி ரோஜு, நல்ல நாளு. நானே பண்றேன்," என்றார்.

சொன்னபடியே ஆடி அமாவாசைக்கு மறுநாள் கூப்பிட்டார். "சகலை, ஆஷாடம் கிளியர். அமுக்கலாமா?"

இந்த இடத்தில் நான் பழியை அவர்மேல் மட்டும் போட முடியாது. என் மனைவி பக்கத்தில் நின்று தமிழ்க் காலண்டரைக் காட்டினாள். நானும், "ஆடி இன்னும் இருக்குதே. இத்தினி நாள் பொறுத்தாச்சு, ஆவணி பொறக்கட்டும்," என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் பட்டை தலைமாட்டிலேயே இருந்தது. அதில் 'உடனே' என்றும் இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி அதற்கு ஆடி போன பிறகு என்று பொருள் எடுத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் வலைப்பூவில் கருத்து எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆடி மாதம், யார் பயணம் போவார்கள் என்று நினைத்தேன். அக்கா கடையிலும் பெஞ்சு மறுபடியும் காலியானது. "ஆடி தம்பி," என்றார் அக்கா. "கல்யாண வண்டி ஒண்ணுகூட ஓடல." எல்லாவற்றுக்கும் ஆடி ஒரு பதிலாக இருந்ததால் நாங்கள் யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஒருநாள் காலை நான் காரதோசையில் பாதியில் இருந்தேன். ஒரு லாரிக்காரர், ஆரணிப் பக்கத்து ஆள், கொட்டகைக்குள் குனிந்து வந்தார். தோசை கேட்கவில்லை. போனை அக்காவின் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"இன்னாக்கா இது? உன் கட போர்ட ஸ்கேன் பண்ணா சீட்டாட்டம் வருது?"

"சீட்டாட்டமா?"

"ரம்மிக்கா. ராஜா, ராணி எல்லாம் வந்து குந்திக்கினு கீறாங்க. ஒரு பொண்ணு வேற கண்ணடிக்குது. என் கிளீனரு வெக்கப்பட்டுக்கினு எறங்கவே மாட்டேன்னுட்டான்."

"எங் கடைல கண்ணுல தண்ணி வர்றதுக்குத்தான்டா காரம் வெச்சிருக்கேன். கண்ணடிக்கறதுக்கு ஆள் வெக்கல."

"நீ நம்ப மாட்டியா? உன் போனக் குடு."

அக்காவின் போனில் அந்த முகவரியைப் போட்டார். எட்டிப் பார்த்தேன். என் வலைப்பூவின் தலைப்பு ஒரு கணம் மின்னியது. அப்புறம் பச்சைத் துணி விரித்த மேசை, பறக்கிற சீட்டுகள், கண்ணடிக்கிற பெண்.

அவசரமாக என் போனைத் திறந்து பார்த்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. காரதோசைப் படம், வழி, மணல் குவியல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லண்ணா... எனுக்கு... நல்லாத்தான் கீது," என்று போனைக் காட்டினேன். எனக்கு அது பெரிய பேச்சு.

லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாருக்கும் ரம்மி வருது, உனுக்கு மட்டும் வர்ல. இன்னா, ஏற்கெனவே சேந்துட்டியா?"

அக்கா கரண்டியைக் கல்லில் தட்டினார். "இப்பத்தான தெரியுது ஏன் ஜனம் வர்லன்னு! வர்றவன் போன எடுக்கறான், சீட்டப் பாக்கறான், சிரிச்சிக்கினு போயிடறான். நானு ஆடியத் திட்டிக்கினு இருந்தேன். எவன்டா அவன் இத எழுதறவன்? மூஞ்சியும் காட்ல, பேரும் போடல. அப்பவே நெனச்சிருக்கணும், இந்தக் காலத்துல எவன் சும்மா வந்து போர்டு கட்டுவான்? சீட்டாட்ட ஏஜென்டு! இன்னிக்கே அந்த ஃப்ளெக்ஸப் பிச்சி மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போடறேன்."

லாரிக்காரருக்கு வாசனை பிடித்துவிட்டது போலிருக்கிறது, உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னார். நான் பாதித் தோசையை விட்டுவிட்டு எழுந்தேன். அக்கா கடையில் நான் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

திருப்பதியில் சகலை கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு யாருடைய போனையோ பிரித்துப்போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ரிப்பேர் முடிந்து வைத்திருந்த ஒரு போனில் வலைப்பூவைத் திறந்தார். பெண் கண்ணடித்தாள்.

"அய்யோ ராமா. பூந்துட்டானுங்க சகலை."

"எனுக்கு மட்டும் ஏன் தெரியல?"

"நீ பாஸ்வேர்டு போட்டு உள்ள நொழைஞ்சிருக்கிற ஆளு. வீட்டுக்காரனுக்குக் காட்டாம, வெளிய இருந்து வர்றவனுக்கு மட்டும் காட்டற மாதிரி செஞ்சிருக்கான். திருடன் கெட்டிக்காரன்." மடிக்கணினியைத் திறந்தார். அதன் மூடியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "இந்தப் பட்டைல சொன்ன ஓட்டை இதான். அடைக்கறதுக்கு மண்ணு கொண்டாந்து வாசல்ல கொட்டிட்டாங்க. நாமதான் நாள் பாத்துக்கினு குந்தியிருந்தோம்."

"சரி, இப்ப அமுக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் நடக்குது. கொஞ்சம் பொறு. போனதும்..."

"அமுக்குய்யா!"

ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கையிலிருந்த ஆதார் நகல்களைக் கீழே போட்டுவிட்டார். யார் கத்தியது என்று நானும் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். சகலை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மகன் முதன்முதலாகப் பேசியதைக் கேட்ட தகப்பன் மாதிரி.

பிறகு வேலையில் இறங்கினார். வலைப்பூவின் ஆட்கள் பட்டியலில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக யாரோ ஒருவன் முதலாளி அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே தள்ளினார். என் கடவுச்சொல்லைக் கேட்டார். சொன்னேன். வண்டி நம்பர். தலையில் அடித்துக்கொண்டு மாற்றினார். பிறகு எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துவந்தார். குங்குமம் வைத்திருந்தது. ஆஷாடம் பிறப்பதற்கு முன்னால் எடுத்த சுத்தமான நகல் அது. அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார். அதற்குப் பிறகு நான் திருத்திய வழிகள் மட்டும் போயின, அவை எப்படியும் மாறிப்போன வழிகள்தான். பிறகு 'புதுப்பி' பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அமுக்கினார்.

வெள்ளை. சுண்ணாம்புச் சுவர்.

"சொன்னேன்ல!" என்றார் சகலை. "ஆடி! ராகு காலம்! ரெண்டும் சேந்து..."

"போன வருஷம் ஆடி இல்ல சகலை. ஆஷாடம்தான். வெள்ளை மட்டும் ஒரே வெள்ளை."

அது அவரை யோசிக்க வைத்தது. வலைப்பூவோடு சேர்த்து மாட்டியிருக்கிற துண்டு மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். படம் காட்டுகிறதைக் கழற்றினார், வெள்ளை. கருத்துப் பெட்டிக்கானதைக் கழற்றினார், வெள்ளை. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதைக் கழற்ற அவருக்கு மனமே இல்லை. வலைப்பூவுக்கு வந்தவர்களை எண்ணிக் காட்டுகிற கவுன்டர் அது. கலர் கலராக எண்கள் மினுக்கும். முதல் வருஷம் அவரே ஆசை ஆசையாகத் தேடி மாட்டியது. அதை எழுதியவர் எப்போதோ கைவிட்டுவிட்டார், புது மென்பொருளோடு அதற்கு ஒத்துப்போகவில்லை.

கழற்றினார். வலைப்பூ திரும்பி வந்தது. காரதோசை சிவப்பாகத் திரையில் உட்கார்ந்திருந்தது. வெளியாள் போனிலும் பார்த்தோம். கண்ணடிக்க யாரும் இல்லை.

"ஒரு வருஷமா ஆஷாடத்து மேல பழி போட்டுக்கினு இருந்தோம்," என்றேன்.

"என் கவுன்டரு," என்றார் சகலை, செத்துப்போன கிளியைப் பற்றிச் சொல்வது போல.

"அந்தத் தானாப் புதுப்பிச்சிக்கற வசதியப் போட்டு விடு."

"போடலாம். ஆனா அது நாள், கெழம எதுவும் பாக்காதே சகலை. அமாவாசைன்னாலும் அமுக்கும், அஷ்டமின்னாலும் அமுக்கும்."

"அதுவா அமுக்கினா நாம அமுக்கினதா ஆவாதுல்ல?"

சகலை கொஞ்ச நேரம் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஆவாது," என்று ஒத்துக்கொண்டு போட்டுவிட்டார். இன்றுவரை எங்கள் இரண்டு வீட்டிலும் இதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

வலைப்பூ சரியாகிவிட்டது, அக்காவின் பெஞ்சு சரியாகவில்லை. மறுநாள் காலை ஏர்பேட்டைத் தாண்டும்போது பழைய இடத்தைப் பார்த்தேன். கம்பங்கள் மட்டும் நின்றன. அக்கா சொன்னதைச் செய்துவிட்டார். போர்டு இல்லாமல் யாரும் கீழே இறங்கப் போவதில்லை. அதை மறுபடி கட்ட வேண்டுமென்றால் அக்கா நம்ப வேண்டும். அவர் நம்ப வேண்டுமென்றால் ஒருவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். வண்டியில் போகும்போதே சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'அக்கா, அதை எழுதுவது நான்தான்.' வண்டிக்குள் நன்றாக வந்தது.

கடையில் யாரும் இல்லை. அக்கா மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மாட்டுக் கொட்டகைமேல் என் ஃப்ளெக்ஸ் தலைகீழாகக் கிடந்தது.

"குந்து தம்பி. நேத்து இன்னா பாதில எழுந்து ஓடிட்ட? காரம் ஜாஸ்தியா?"

"அக்கா... அந்த..."

"தண்ணியா?"

"இல்லக்கா. அந்த சீட்டாட்ட ஏஜென்டு... நான்தான்."

கலக்குவதை நிறுத்தினார். நான் மளமளவென்று ஒப்பித்தேன். எழுதுவது நான், போர்டு கட்டியது நான், சீட்டாட்டம் மட்டும் நான் இல்லை, ஓட்டை வழியாகத் திருடன் புகுந்துவிட்டான், இப்போது அடைத்தாகிவிட்டது. மூச்சு வாங்கியது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நீயா? ரெண்டாவது வாட்டி சட்னி கேக்க வாய் வராது உனுக்கு. நீ ஊருக்கெல்லாம் எழுதறியா? போ தம்பி, வெளாடாத."

போனை நீட்டினேன். "தமிழ் எனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், நீயே படி," என்றார். வேறு வழியில்லை. நான் எழுதியதை, அவரைப் பற்றி எழுதியதை, அவர் முகத்துக்கு நேராக நானே படித்தேன். காது சுட்டது. தோசை ஓரம் முறுகுவதைப் படித்தேன். கடலைச் சட்னியைப் படித்தேன். அந்த வேகத்தில் நிறுத்தத் தெரியாமல் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். 'சாம்பாரை மட்டும் திங்கட்கிழமைகளில் நம்பாதீர்கள், அன்றைக்கு அது ரசத்துக்குத் தம்பி.'

அக்கா சிரிப்பதை நிறுத்தினார்.

"திங்கக்கெழம பருப்பு வர லேட்டாவும். அது தெனம் துன்றவனுக்குத்தான் தெரியும்." என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப நீதான்."

"நான்தான்க்கா."

"இத்தினி நாளா மூஞ்சப் பாத்து ஒரு வார்த்தை சொன்னியா, சாம்பார்ல தண்ணின்னு? ஊருக்கே எழுதிக்கீற!" கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் பெஞ்சில் பின்னால் நகர்ந்தேன். பிறகு கேட்டார், "அது சரி. ஓட்டைய இத்தினி நாளா ஏன் அடைக்கல?"

காலண்டர் கதையைச் சொன்னேன்.

"அட பாவிங்களா. ஆடின்னு நானு மாவு அரைக்காம இருந்தனா? ஆனியில அரைச்ச மாவ ஆவணி வரைக்கும் ஊத்தினா நீ துன்னுவியா? எழுது. நானு சொல்றேன், அப்பிடியே எழுது. ஒரு வார்த்த மாத்தின, உனுக்குத் தோச கெடையாது."

அவர் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் ஒரு விரலால் அடித்தேன். 'சீட்டு வெளாட வந்தவங்க பாலத்துமேல ஏறி நேரா போய்க்கினே இருங்க. தோச துன்ன வந்தவங்க மட்டும் பாலத்துக்கு முந்தி, ஜல்லி கொட்டியிருக்கிற எடத்துல கீழ எறங்குங்க. நீலக் கலர் தண்ணி டேங்க்கத் தாண்டி கொட்டாய். போர்டுல வந்த பொண்ணு இங்க இல்ல. எழுதறவன் சாம்பாரப் பத்தி எழுதனது பொய். இப்பிடிக்கு, கடக்காரி.' வெளியிட்டேன். கொட்டகைமேல் ஏறி ஃப்ளெக்ஸை இறக்கி, சாணியைக் கழுவி, பழைய கம்பத்தில் இந்தத் தடவை பட்டப்பகலில் கட்டினேன்.

நான் எழுதிய எதற்கும் அத்தனை கருத்துகள் வந்ததில்லை. காணாமல் போனவர்கள் எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆரணி லாரிக்காரர் மற்ற லாரிக்காரர்களிடம் 'ரம்மி கடை' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். வண்டிகள் பாலத்துக்கு அடியில் நிறுத்தி, "ரம்மி கட எங்க கீது?" என்று கேட்டன. அக்கா முதலில் கத்தினார். பிறகு, ஆவணி பிறந்தபோது, முட்டை ஊற்றிய காரதோசைக்கு ராணி தோசை என்று அவரே பெயர் வைத்துவிட்டார். கேன்டீன் பேச்சு அதோடு போனது. திங்கட்கிழமை சாம்பாரும் கெட்டியாகிவிட்டது, ஆனால் அந்த வரியை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு அமாவாசையன்று, அக்கா கடையில் இருக்கும்போது என் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் வலைப்பூ தானாகவே புதுப்பிக்கப்பட்டது, சில பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று.

"இன்னாது?" என்றார் அக்கா.

"இன்னொரு ஓட்டைய அடைச்சிட்டாங்களாம்."

"யாரு? உன் சகலையா?"

"இல்லக்கா. எங்கியோ இருக்கிறவங்க. யாருன்னே தெரியாது."

"துட்டு?"

"வாங்க மாட்டாங்க."

அக்கா ஒரு தோசையைத் திருப்பிப் போட்டார். "பேரு இல்லாம வந்து செஞ்சிட்டுப் போறவங்க இன்னும் எத்தினி பேருடா இருக்கீங்க? இந்தப் பக்கம் வந்தா நம்ம கடையில ஒரு தோசன்னு எழுதிப் போடு."

அந்த மென்பொருளுக்கென்று எல்லாரும் எழுதுகிற ஒரு பொது இடம் இருக்கிறது. அதில் தமிழிலேயே எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் யாரோ பதில் போட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். சகலை போனில் படித்துச் சொன்னார். டிசம்பரில் குடும்பத்தோடு காளஹஸ்திக்கு வருகிறார்களாம். கண்டிப்பாக வருவார்களாம். வழி என்ன என்று கேட்டிருந்தார்கள்.

அன்றைக்குக் காலையில்தான் ஜல்லியை அள்ளிவிட்டு வேறு இடத்தில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டினேன்.